அடியில் துளை உள்ள பாத்திரமும் சுலோசனாவும்

சுலோசனா காலமான செய்தி மேட்டூரிலிருந்து வந்தது. மகன் வீட்டுக்குப் போயிருந்த இடத்தில் மாரடைப்பு. "நல்லாத்தானுங்க இருந்தா. காப்பி போட எந்திரிச்சவ அப்படியே உக்காந்துட்டா" என்றார் அவர் கணவர் தொலைபேசியில். நான் அஸ்தம்பட்டியில் பேருந்துக்கு நின்றிருந்தேன். அலுவலகம் போகாமல் மேட்டூருக்குக் கிளம்பினேன்.

அருங்காட்சியகத்தில் நானும் சுலோசனாவும் பல ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் உலோகப் பொருள்களை ஆராய்பவர். நான் படம் எடுப்பவன். ராசிபுரம் பக்கத்து ஏரியில் கிடைத்த பாத்திரத்தைப் பற்றி அவரை அறிந்தவர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். உடனிருந்தவன் என்பதால் முழுதாகச் சொல்கிறேன்.

வண்டல் அள்ளும்போது கிடைத்த செம்புப் பாத்திரம் அது. அகன்ற வாய், குறுகிய அடி, விளிம்பில் மூன்று வளையங்கள். அந்த ஊரின் பெருமாள் கோயில்காரர்களும் சிவன் கோயில்காரர்களும் அதைத் தங்களுடையது என்றார்கள். கைகலப்பு வரை போனதால் வட்டாட்சியர் அதை எங்களிடம் அனுப்பினார். பெருமாள் கோயில் தரப்பில் முன்னால் நின்றவர் சுலோசனாவின் சொந்த அண்ணன்.

"நம்ம கோயில் தீர்த்தப் பாத்திரந்தான் கண்ணு. அடியில ஓட்டை உழுந்துபோச்சு. பத்த வெச்சு அடைச்சுட்டாச் சரியாப் போயிரும்" என்றார் அவர்.

சுலோசனா துளையைத் தடவிப் பார்த்தார். சுற்றிலும் செம்பு தடித்திருந்தது. செய்யும்போதே விட்ட துளை. வளையங்களின் மேல்பக்கம் சங்கிலி உராய்ந்து தேய்ந்திருந்தது. பாத்திரத்தைக் கட்டித் தொங்கவிட்டு நீர் ஊற்றினார். ஒரே இடத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இலிங்கத்தின் மேல் ஓயாமல் நீர் சொட்டுவதற்காகத் தொங்கவிடும் தாராபாத்திரம்.

"ஓட்டை தானா உழுகலைங்கண்ணா. செஞ்சவன் போட்டது. இது சிவன் கோயிலுக்குள்ளது" என்றார். அண்ணன் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் சிவன் கோயில்காரர்கள் மாலையோடு வந்தார்கள். "ஏதோ ஒரு சிவன் கோயிலோடதுங்க. உங்க கோயிலோடதுதான்னு சொல்ல இதுல ஒண்ணும் இல்லையே" என்றார் சுலோசனா அவர்களிடம். மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். பாத்திரம் எங்களிடமே தங்கிவிட்டது.

அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சுலோசனாவுக்கு அழைப்பு இல்லை. ஆனாலும் புறப்பட்டார். கணவர் வர மறுத்ததால் என்னையும் என் மனைவியையும் துணைக்குக் கூப்பிட்டார். "அண்ணன் கோவம் அண்ணனோட இருக்கட்டும். அவ எம் மருமவ இல்லைங்களா?" பந்தியில் அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டார். பிறகு பாயச வாளியைத் தானே வாங்கி வந்து, "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா சாமி?" என்றார். சுலோசனா டம்ளரை நீட்டினார்.

மேட்டூரில், பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கொண்டுவந்து சுலோசனாவின் உடல்மேல் போர்த்தியவர் அந்த அண்ணன்தான்.

காட்சிப் பொருளின் அருகே வைக்கும் சீட்டில், தெரிந்ததை எழுதும் அதே அளவு எழுத்தில் தெரியாததையும் எழுத வேண்டும் என்பார் சுலோசனா. "தெரியலைன்னு எழுதறதும் வேலைதானுங்க." அவர் ஓய்வு பெற்றபின் சீட்டு எழுதுவது என் பொறுப்பானது. சென்ற வாரம் நாமக்கல்லிலிருந்து ஒரு தூபக்கால் வந்தது. ராஜா காலத்தது என்றார் கொடுத்தவர். 'தூபக்கால், வெண்கலம்' என்று எழுதினேன். அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில், 'காலம் தெரியவில்லை' என்று எழுதினேன்.