ராயப்பனின் ரத்தத்தில் காணாமல் போனது

முத்தாபுதுப்பேட்டை ஜெனிஷா சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை அப்பம் வாங்கியதும் பக்கவாசல் வழியாக நழுவிவிடுவாள். அவளுக்கு இரண்டாவது வேலை ஏதோ இருப்பதாகக் கோயிலில் சிலர் நம்பினார்கள். உண்மையில் அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குத்தான் ஓடுவாள். அங்கே தட்டுகளில் வளரும் ஸ்டெம் செல்களுக்கு நாள் தவறாமல் ஊட்டநீர் மாற்ற வேண்டும். செல்களுக்கு ஞாயிறு கிடையாது.

அவள் ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வயது ஏற ஏற நம் மரபணுக்களின் மேல் இருக்கும் சின்னச் சின்ன வேதிக் குறிகள் மாறிக்கொண்டே வருகின்றன. எந்த மரபணு வேலை செய்வது, எது சும்மா இருப்பது என்பதில் அந்தக் குறிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றை வைத்து ஒரு செல்லின் வயதையே கணக்கிடலாம். முதிய செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றினால் முதுமைக் குறிகள் பெரும்பாலும் அழிந்துவிடும். எவை அழிய மறுக்கின்றன என்பதுதான் ஜெனிஷாவின் கேள்வி. உலகத்தில் பலரும் கேட்கிற கேள்வி. அதில் அவள் பங்கு ஒரு ஓரம். ஓரமானாலும் ஒழுங்காகச் செய்தாள்.

முதிய ரத்தம் கொடுத்தவர் அவள் அப்பா ராயப்பன். எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். ஒப்பிட்டுப் பார்க்க இளம் ரத்தம் வேண்டியிருந்தது. அதை அதே நாளில் ஆய்வுக்கூடத்துப் பவ்யா கொடுத்தாள்.

அப்பாவின் செல்கள் இளமையாகிவிட்டன என்று ஜெனிஷா வீட்டில் சொன்னதிலிருந்து டீக்கடையில் ராயப்பனின் பெருமையைப் பிடிக்க முடியவில்லை. கூட லேத் ஓட்டிய துலுக்கானம்தான் சும்மா விடவில்லை.

“இன்னா ராயப்பா, உன் ரத்தத்த எந்த ஸ்கூல்ல சேத்துகீறே?”

“உன் பேரனுக்குப் பக்கத்து பெஞ்சிதான்,” என்றார் ராயப்பன்.

ஜெனிஷாவின் கட்டுரையை வெளியிட இருந்த ஆய்விதழ், செல்கள் யாருடையவை என்பதற்குச் சான்று கேட்டது. வழக்கமாகக் கேட்பதுதான். ஆனால் முதல் சோதனையின் முடிவு வழக்கமாக இல்லை. ஆணுக்குரிய ஒய் குரோமோசோம் ராயப்பனின் செல்களில் இல்லவே இல்லை.

ஜெனிஷா ரத்தம் எடுத்த நாளின் குறிப்பேட்டைத் திறந்தாள். அன்றைக்குப் பவ்யாவின் ரத்தத்தில் ஒரு துளி தவறி இதில் கலந்திருந்தால்? அவளுடைய செல்களே பெருகித் தட்டை நிரப்பியிருக்கும். அவை இளமையாக இருப்பதில் என்ன அதிசயம்? ஒரு இளம்பெண்ணின் செல்களைப் பார்த்துக்கொண்டு, கிழவரின் செல் இளமையானது என்று நாலு வருஷமாக எழுதியிருப்பாள்.

வயதான ஆண்களின் ரத்த செல்கள் சிலவற்றில் ஒய் தானாகவே உதிர்ந்துபோவது உண்டு, அதுவாகவும் இருக்கலாம் என்றாள் பவ்யா. ஜெனிஷாவுக்கும் அது தெரியும். ஆனால் நமக்குச் சாதகமான விளக்கம் கிடைத்தவுடன் கேள்வியை மூடிவிடுவதற்கு ஆராய்ச்சி என்று பெயரில்லை. அப்பா, பவ்யா இருவரிடமும் புதிதாக மாதிரி எடுத்து, செல்களின் மரபணு அடையாளத்தோடு முழுவதுமாக ஒப்பிடச் சொல்லி வெளியே ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்தாள்.

வீட்டில் அப்பாவின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்தபோது, எதற்கு என்று அவர் கேட்டார். அவள் மறைக்கவில்லை.

“அது உன் செல்லே இல்லாமலும் இருக்கலாம்ப்பா.”

ராயப்பன் அந்த வாரம் முழுக்க டீக்கடைப் பக்கம் போகவில்லை. கேட்டவர்களிடம் முட்டி வலி என்றார். ஜெனிஷா கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை மனத்துக்குள் எழுதிப் பார்த்தாள். எப்படி எழுதினாலும் முதல் வாக்கியம் ஒன்றாகவே இருந்தது: இவை அந்த முதியவரின் செல்கள் அல்ல.

முடிவு வந்த மதியம் அதை இரண்டு முறை படித்தாள். ஒய் ஒன்றைத் தவிர எல்லா அடையாளங்களும் ராயப்பனோடு பொருந்தின. பவ்யாவின் சாயல் எதுவும் இல்லை. வயதில் ஒய்யை உதிர்த்துவிட்ட ஏதோ ஒரு செல்லிலிருந்துதான் தட்டு முழுவதும் வளர்ந்திருக்கிறது. அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அம்மா ஞானசௌந்தரி தோசை வார்த்துக்கொண்டிருக்க, ஜெனிஷா அப்பாவுக்கு விளக்கினாள். ஆணுக்கு உரியது ஒன்று உதிர்ந்துபோனது என்றதும் அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், “அதான் இப்பல்லாம் சொன்னா கேக்குறாரு,” என்றார்.

ராயப்பன் சிரிக்கவில்லை. “வயசையே அழிச்சிட்டேன்றே. உதிந்தது மட்டும் திரும்பி வர்லியா?”

“மேல இருக்கிற குறியத்தான்ப்பா அழிக்க முடியும். இல்லாமப் போனத உண்டாக்க முடியாது.”

அவர் தோசையைப் பிய்த்தபடி யோசித்தார்.

“சரி, போனது போவட்டும். அது என்னுதுதானே?”

“உன்னுதுதான்ப்பா.”

ராயப்பன் தலையாட்டிவிட்டுச் சட்னியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஜெனிஷா தன் தட்டை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அதில் சூடாக ஒரு தோசையைப் போட்டார்.