பெரும்பாறையில் மூன்றாவது அழைப்பு

சென்ற நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்காகப் பெரும்பாறைக்குப் போனேன். என் தாய்மாமா பாதிரியார். எங்கள் வீட்டில் அவர் ஃபாதர் மாமா. கிழக்கு ஆப்பிரிக்காவில் பதினெட்டு வருடம், பிறகு பப்புவா நியூ கினியில் கொஞ்ச காலம், கடைசியாகக் கொடைக்கானல் அட்டுவம்பட்டி. மூட்டுவலி முற்றிவிட்டதால் திருச்சி ஓய்வு இல்லத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. மலையில் அவர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும் கடைசிக் கல்லறைகள் என்பதால் துணைக்குக் கிளம்பினேன். காப்பித் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கும் ஆசையும் இருந்தது, மறைப்பானேன்.

காலை பத்து மணிக்கு அட்டுவம்பட்டியிலிருந்து ஜீப், டிரைவர் பாண்டி அண்ணன். போகவர வாடகை நாலாயிரம். பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாக மூன்று மணி நேரப் பயணம். தாண்டிக்குடி தாண்டியதும் வளைவுகள் குடலைப் பிடுங்கும்; முன் இருக்கையை முதலிலேயே பிடித்துவிடுங்கள்.

வழியில் மாமா தன் வழக்கம் ஒன்றைச் சொன்னார். ஆப்பிரிக்காவில் அவர் இருந்த ஊரில், கல்லறையில் சாமியார் இறந்தவர் பெயரைக் கூப்பிடுவார். குடும்பத்தார் "இருக்கோம்" என்று பதில் சொல்வார்கள். இங்கே வந்தும் அதையே செய்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த மலையில் பேய் இரண்டு முறைதான் கூப்பிடும், மூன்றாவது முறை கூப்பிடுவதுதான் மனிதன் என்று அப்புறம்தான் அவருக்குத் தெரிந்ததாம். அன்றிலிருந்து ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிடுகிறார்.

கல்லறைத் தோட்டம் சரிவில், காட்டை ஒட்டி இருக்கிறது. மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, மெழுகுவத்திகள் மட்டும்தான் தெரிந்தன. மாமா தீர்த்தம் தெளித்துக் கூப்பிடுவார். அமைதி. மறுபடியும் கூப்பிடுவார். பக்கத்தில் நிற்பவர் மூச்சுகூட விடமாட்டார். மூன்றாவதுக்குத்தான் "இருக்கோம் சாமி" என்று பனிக்குள்ளிருந்து மெல்ல வரும்.

கடைசியாக, காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் செல்வமேரி அக்கா மாமாவை வேலியோரம் கூட்டிப்போனார். "சேவியருன்னு கூப்பிடுங்க சாமி."

மாமா கூப்பிட்டார். இரண்டாவதும் கூப்பிட்டார். அப்போதுதான் கவனித்தோம்: அங்கே கல்லறை இல்லை, அக்கா காட்டைப் பார்த்து நின்றிருந்தார். மாமா நிறுத்திவிட்டார்.

"சேவியர் யாரும்மா?"

"எம் மகன் சாமி. மரக்கொப்பு கழிக்கப் போனவன், மூணு வருசமாச்சு. செத்துட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. ஒடம்பு கெடைக்கலையே. நான் கூப்பிட்டுப் பாத்துட்டேன், வரலை. உங்க குரலை நம்புவான். மூணாவதுக்குத்தான் பேசணும்னு சொல்லி வளத்திருக்கேன், இன்னொருக்கா கூப்பிடுங்க."

மாமா காட்டைப் பார்த்தார். மூன்றாவதுக்கும் பதில் வராவிட்டால் அந்தப் பிள்ளையைக் கொன்றது இவர் வாய்தான் என்று ஆகிவிடும். "அடுத்த வருசம் கூப்பிடுறேன்மா," என்றார்.

"வருவீங்கள்ல?"

"வருவேன்."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

ஜீப்பருகே வந்திருப்போம். மேலே பனிக்குள்ளிருந்து அக்காவின் குரல், நீளமாக, ஒரே ஒரு முறை: "சேவியரு..."

மூவரும் அப்படியே நின்றோம். பாண்டி அண்ணன் தாவி ஏறி, எஞ்சினை உயிர்ப்பித்து, நின்ற இடத்திலேயே உறும விட்டார். "வெரசா ஏறுங்க சாமி. எது வந்தாலும் நம்ம காதுல விழ வேணாம்."

பண்ணைக்காடு நெருங்கும்போது, "எனக்கு ஒண்ணும் கேக்கலை மாமா," என்றேன். அவர் என்னை எதுவும் கேட்டிருக்கவில்லை.

போகிறவர்களுக்கு: வத்தலக்குண்டிலிருந்து பேருந்து உண்டு. குடை, கம்பளி இரண்டும் வேண்டும். மதியத்துக்குள் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. கல்லறைப் பக்கம் போனால், அங்கே ஒரு பெண் காட்டைப் பார்த்து யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருந்தால், இரக்கப்பட்டுக்கூடப் பதில் குரல் கொடுத்துவிடாதீர்கள்.