அடுப்புக்குப் பின்னால் இரண்டு முழச் சுவர்

மகள் செல்போனில் டைல்ஸ் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். புது வீட்டு அடுப்புக்குப் பின்னால் எதை ஒட்டலாம் என்று நான் சொல்ல வேண்டுமாம். சொந்தச் சுவர்தான், ஆனாலும் "யாரும் எதுவும் சொல்ல மாட்டார்களா?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்குச் சிரிப்பு.

அவள் என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது கும்மிடிப்பூண்டியில் குடியிருந்தோம். மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்திய காலம். காதல் கல்யாணம் என்பதால் இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். எங்களுக்கு வாடகைக்கு இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. மாடியில் ஓனரம்மா தனியாக இருந்தார். கீழே, படிக்கட்டுக்கு அடியில் எங்கள் சமையலறை. சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "ஆணி அடிக்கக் கூடாது. செவுத்துல எண்ணெ பட்ச்சினா ஊட்ட காலி பண்ணிடணும்."

படாமல் எப்படி இருக்கும்? படிக்கட்டோடு சரிந்து வரும் சுவர், அடுப்பிலிருந்து ஒரு சாண்தான். என் நாக்கோ தினமும் நெத்திலி வறுவல் கேட்டது. ஒரு கையில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் மீனைத் திருப்புவேன். அப்படியும் இரண்டு சொட்டு பட்டுவிட்டது. அன்று முதல் ஓனரம்மா படியிறங்கும் சத்தம் கேட்டால் அதன்மேல் முறத்தைச் சாய்த்துவிடுவேன்.

சுவரை மறைக்க ஏதாவது வாங்கலாம் என்று இருவரும் கடைக்குப் போனோம். டைல்ஸ் என்றால் சுவரைக் கொத்த வேண்டும், தகடு என்றால் ஆணி. மிச்சம் இருந்தது பூப்போட்ட ஸ்டிக்கர் ஷீட்.

"சுண்ணாம்பு செவுத்துல நிக்காது நைனா" என்றார் கடைக்காரர்.

என் வீட்டுக்காரர் கம்பெனியில் இரும்புப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவர். "எனுக்கே சொல்லித் தராரு பாரு" என்று வாங்கிவிட்டார். கம்பெனியில் செய்கிற மாதிரியே சோப்புத் தண்ணீரால் சுவரைக் கழுவி, காயவிட்டு, ஸ்கேலால் நீவி ஒட்டினார். ஒரு கொப்புளம் இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

நான்கு நாள் நின்றது. ஐந்தாம் நாள் ஓனரம்மா குழாயைப் பார்க்க உள்ளே வந்த நேரம், ஷீட் சுண்ணாம்பையும் சேர்த்து, கல்லிலிருந்து தோசை எழும்புவதுபோல உரிந்து வாணலியில் விழுந்தது. பின்னால் பழைய பச்சைச் சுவர். அதில் எங்களுடையதைவிடப் பெரிய எண்ணெய்க் கறைகள். இந்த வயிற்றோடு இனி எங்கே வீடு தேடுவது என்று அழுதுவிட்டேன்.

ஓனரம்மா கறையைத் தடவிப் பார்த்தார். "இது என்துதான். கண்ணாலம் கட்னு வந்த புதுசுல இங்கதான் ஆக்கிக்கினு இருந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஊடு இப்ப மவன் பேர்ல கீது. இத்த பாத்தான்னா என்னத்தான் கத்துவான். அவன் வர்றப்போ நீ இங்க வந்து செவுத்த மறச்சிக்கினு நின்னுக்கோ. புள்ளத்தாச்சிய நவுருன்னு சொல்ல மாட்டான்."

மகன் வந்த அன்று நின்றேன். ஓனரம்மாவும் ஒட்டி நின்றுகொண்டு என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். மகன் வெளியே போகும்வரை விடவில்லை.

இப்போது அங்கே சுவரும் இல்லை, மாடியும் இல்லை. லாரிகள் நிற்கின்றன. இடத்தை விற்றபோது, காலி பண்ண எங்களுக்கு ஒரு மாதம் கொடுத்தார் மகன். ஓனரம்மாவுக்கு ஒரு வாரம்தான் கொடுத்தார்.