மூன்றாவது கியருக்கு எட்டாத கை

வரதராஜன்பேட்டை மரிய செல்வம் பத்தொன்பது வருடம் வாடகைக் கார் ஓட்டினார். திருச்சி ஆஸ்பத்திரிக்கோ வேளாங்கண்ணிக்கோ, கல்யாணத்துக்கோ துக்கத்துக்கோ, அந்தப் பக்கத்து ஆட்கள் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேகம் போக மாட்டார். அதிகம் பேசவும் மாட்டார். பின்சீட்டில் தூங்குகிறவர் விழித்துக்கொள்ளாதபடி கியர் மாற்றுகிறவர் என்று பெயர் வாங்கியிருந்தார்.

போன வருடம் சித்திரையில் அவருடைய இடது கை கெட ஆரம்பித்தது. முதலில் சட்டைப் பொத்தான் போடக் கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. பிறகு தோள் இறுகியது. கை முன்னால் முழுதாக நீளவில்லை. ஒன்று, மூன்று, ஐந்து எல்லாம் முன்னால் தள்ள வேண்டிய கியர்கள். செல்வம் உடம்பையே சாய்த்துத் தள்ளப் பழகிக்கொண்டார். நாற்பத்தாறு வயதில் வருகிற தோள்வலிதான் என்று மனைவி நான்சியிடம் சொன்னார்.

ஆடியில் திருச்சி டாக்டர் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, இது நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு போகும் நோய், நிறுத்துவதற்கு மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார். திரும்பும் வழியில் கீழப்பழுவூரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். நான்சியின் கிளாஸில் டீ ஆடை கட்டிவிட்டது.

“கை நீள மாட்டேங்குதுன்னா, கியரைக் கிட்டக் கொண்டாந்துடலாம்” என்றார் செல்வம்.

டாக்டர் சொன்னது இவர் காதில் விழுந்ததா இல்லையா என்று நான்சிக்குத் தெரியவில்லை. சரிங்க என்று மட்டும் சொன்னாள்.

பெரம்பலூர் துறைமங்கலத்தில் அங்கமுத்து என்றொரு மெக்கானிக். கியர் கம்பி நகரும் தூரத்தைக் குறைத்துத் தரச் சொல்லி ரேஸ் ஆசையுள்ள காலேஜ் பையன்கள் அவரிடம் வருவார்கள். கியர் பெட்டியின் மேல் கேபிள் வந்து மாட்டுகிற இரும்புக் கையில், அது திரும்பும் அச்சுக்குப் பக்கமாகப் புதுத் துளை போட்டு, கேபிளை அங்கே மாட்டிவிடுவார். கம்பி பாதித் தூரம் நகர்ந்தாலே கியர் விழுந்துவிடும்.

செல்வமும் நான்சியும் காரோடு போய்க் கேட்டபோது, அங்கமுத்து செல்வத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “தூரம் கொறைஞ்சா கனம் கூடும் தம்பி. உங்களுக்கு முடியாதது எது, தூரமா, கனமா?”

“தூரந்தான்ணே.”

பொத்தான் போட முடியாததை அவர் சொல்லவில்லை. நான்சி காரின் மறுபக்கம் போய் நின்றுகொண்டாள்.

ஒரு மாதம் நன்றாகவே ஓடியது. மூன்றாவது கியர் தொடைக்குப் பக்கத்திலேயே விழுந்தது. ஆண்டிமடத்தில் வீரமணி என்று ரிட்டையரான கண்டக்டர் இருந்தார். வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்காக அரியலூர் போக வேண்டியவர். செல்வம் ஒரு தடவைகூடத் தவறாமல் அவரைக் கூட்டிப்போனார். கார் இப்போதுதான் தன் பேச்சைக் கேட்கிறது என்று நான்சியிடம் சொன்னார். அவள் அன்று அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

புரட்டாசிக் கடைசியில் உள்ளங்கைச் சதை வற்றிக் குழி விழுந்தது. கியர் கைக்கு எட்டியது, தள்ளத்தான் பலமில்லை. மறுபடி போனபோது, வேண்டுமானால் கேபிளைப் பழைய துளையிலேயே மாட்டித் தருகிறேன் என்றார் அங்கமுத்து. பழைய துளைக்குக் கை எட்டாது, புதுத் துளைக்குப் பலம் பத்தாது. இருக்கட்டும் என்று செல்வம் திரும்பினார்.

அதற்குப் பிறகு நான்சியே முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை அவளுக்கு. டயாலிசிஸ் நாட்களில் லீவு சொல்லிவிடுவாள். செல்வம் கிளட்சை மிதித்து, “மூணு” என்பார். அவள் இரண்டு கையாலும் தள்ளுவாள். பின்சீட்டிலிருந்த வீரமணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஐப்பசியில் ஒரு நாள், வி.கைகாட்டி தாண்டிச் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று முன்னால் மெதுவாகிக்கொண்டே போனது. “ரெண்டு” என்றார் செல்வம். நான்சி இழுத்தாள். கியர் முழுதாக விழவில்லை. விழுந்துவிட்டதென்று நினைத்து அவர் கிளட்சை விட்டார். வண்டி குலுங்கி, நடு ரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த இன்னொரு லாரி பிரேக் போட்டு டயர் தேயத் தேய வந்து, காரின் பின்கண்ணாடி முழுவதையும் அடைத்து நின்றது. அதன் டிரைவர் இறங்கி வந்து திட்டினார். செல்வம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

அரியலூரில் இறங்கிய பிறகு வீரமணி கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார்.

“செல்வம், அடுத்த வாரத்துலேர்ந்து நான் பஸ்ல வந்துடுறேன். எனக்குப் பயம் இல்லப்பா. நீ உங்க ரெண்டு பேரு உசிரயும் பணயம் வச்சு ஓட்டுற.”

“சரிங்கண்ணே” என்றார் செல்வம்.

அன்று வீடு வந்து சேர்ந்ததும் நான்சியிடம் சாவியைக் கொடுத்தார். நானே ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று அவள் சொன்னபோது, தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதாகச் சொன்னார். ஆனால் டவுன் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் வர நேரம் அமையவே இல்லை, அவரைத் தனியே விட்டுப் போகவும் முடியவில்லை. மார்கழியில் செந்துறைக்காரர் ஒருவர் காரை வாங்கிக்கொண்டு போனார்.

இன்னும் சிலர் வண்டிக்குக் கூப்பிடுகிறார்கள். முதலில் செல்வமே பேசி, வேறு டிரைவர் நம்பர் கொடுத்துவந்தார். அவர் பேச்சு குழறத் தொடங்கியதும் கூப்பிட்டவர்கள், குடித்திருக்கிறார் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார்கள். இப்போது போன் நான்சியிடம் இருக்கிறது. அவருக்குக் கை சரியில்லைங்க என்று சொல்கிறாள். தைக்குப் பிறகு வலது கையும் போய்விட்டது. அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை.