வெர்னா கோபுரம் ஏறிய நாள்

வெர்னா ப்ரூட்டுக்குக் கால் தரையில் இருந்தால்தான் உயிர் உடம்பில் இருக்கும். லாஸ் வேகாஸுக்கு வந்த நாளிலிருந்து அவள் தரைத்தள வீடு தவிர வேறெதிலும் குடியிருந்ததில்லை. இப்போது இருப்பது சக்கரம் வைத்த டிரெய்லர் வீடு. வாசலுக்கு மூன்றே படி. அதற்கும் இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டு வைத்திருந்தாள். யாராவது சிரித்தால், "விழப்போறது நான். உங்களுக்கு எங்க வலிக்குது?" என்பாள்.

மற்றபடி அவள் எதற்கும் அசருகிற ஆளில்லை. டவுன்டவுனில் பழைய கேசினோ ஒன்றில் பிளாக்ஜாக் மேசையில் சீட்டுப் போடுவது வேலை. தோற்ற ஆத்திரத்தில் சீட்டை முகத்தில் எறிகிறவனையும் பார்த்தாள், மோதிரத்தைக் கழற்றி வைத்து அழுகிறவளையும் பார்த்தாள். ஒருமுறை குடிகாரன் ஒருவன் மேசைமேலேயே ஏறி நின்று சவால் விட்டான். வெர்னா மற்ற ஆட்டக்காரர்களுக்குச் சீட்டைப் போட்டபடியே, "ஐயா, கொஞ்சம் இறங்குங்க. உங்களை அண்ணாந்து பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றாள். அவன் இறங்கிவிட்டான்.

இப்படிப்பட்டவளுக்குப் பிறந்த பிள்ளை எங்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்தான்? ஊரிலேயே உயரமான கோபுரத்தின் உச்சிக்கு! வேண்டுமென்றே செய்தானோ என்று அவளுக்கு இன்னும் சந்தேகம் உண்டு. அந்த உச்சியில் ராட்டினங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று ஆட்களை விளிம்புக்கு வெளியே நீட்டி, கீழே வெறும் காற்றாக இருக்கும் இடத்தில் சுழற்றும். அலறுவதற்கென்றே உலகமெல்லாம் இருந்து வருகிறார்கள். அவர்களை உட்காரவைத்துக் கம்பியைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, பொத்தானை அழுத்துவது மகன் லைலின் வேலை. ஊரில் காற்று கிளம்பினால் போதும், வெர்னா வாசலுக்கு வந்து கோபுரத்தின் பக்கம் பார்ப்பாள்.

லைலுக்கு எட்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்தாவது மாடியில் போட்டார்கள். அப்பன் எப்போதோ ஓடிப்போயிருந்தான். வெர்னா தினமும் வேலை முடிந்து ஓடி வருவாள். லிஃப்ட் வரைக்கும் போவாள், திரும்பி வந்துவிடுவாள். கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு மேலே பார்ப்பாள். நர்ஸ் பையனை ஜன்னலுக்குத் தூக்கிக் காட்டுவாள். இவள் கையை ஆட்டுவாள், அவனும் ஆட்டுவான். கால் நன்றாகக் கூடிவிட்டது. அந்த ஜன்னல் மட்டும் அவன் மனசை விட்டுப் போகவில்லை. இப்போது அவன் குடியிருப்பது ஒரு மூன்றாவது மாடியில். மகன் வீட்டுக் கதவு என்ன நிறம் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

கல்யாணச் சேதி சொல்ல வந்தவன் உள்ளே வந்து உட்காரவில்லை.

"மேலதான்மா கல்யாணம். நான் வேலை செய்யற இடம். உச்சியிலயே கல்யாணம் பண்ணி வைக்கிற சேப்பல் இருக்கு."

"ஏண்டா, இந்த ஊர்ல தடுக்கி விழுந்தா ஒரு சேப்பல். தரையில ஒண்ணுகூடவா கிடைக்கல?"

"கிடைக்கும். ஆனா நான் அங்கதான் பண்ணிக்கப்போறேன். இந்தத் தடவையும் நீ கீழ நின்னு கையை ஆட்டினீன்னா அதோட சரி. இனிமே எதுக்கும் உன்னைக் கூப்பிட மாட்டேன்."

கத்திச் சொல்லியிருந்தால் இவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கல்யாணத்தன்று பார்த்து மார்ச் மாதக் காற்று பேய்க்காற்றாக அடித்தது. கேசினோவில் காசாளராக இருக்கும் தோழி க்ளெண்டாதான் காரில் கூட்டிவந்தாள். ராட்டினங்களை நிறுத்திவிட்டார்கள் என்று வாசலிலேயே பலகை வைத்திருந்தது.

"பாத்தியா, க்ளெண்டா! அவங்களே பயந்து நிறுத்திட்டாங்க."

"ராட்டினத்தைத்தான்டி நிறுத்தினாங்க, கல்யாணத்தை இல்ல. நட."

லிஃப்டுக்கு முன்னால் வரிசைக்காகப் போட்டிருந்த பித்தளைக் கம்பி வரை வெர்னா நடந்துவிட்டாள். அதைப் பிடித்தாள். அவ்வளவுதான். லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, கூட்டத்தை அள்ளிக்கொண்டு போனது. மறுபடி வந்தது. மறுபடி போனது. புதுச் செருப்புக்குள் அவள் கால் மரத்துக் கிடந்தது.

"இந்தக் காத்துல கோபுரம் ஆடுமா தம்பி?" என்று லிஃப்ட் ஆளிடம் கேட்டாள்.

"ஆடும் மேடம். ஆடணும். ஆடலேன்னாதான் ஆபத்து."

"உன்னை யாருடா இவ்வளவு விளக்கம் கேட்டா?" என்று க்ளெண்டா அவன்மேல் பாய்ந்தாள்.

இந்த ஊரில் கல்யாணம் அரை மணிக் கணக்கு. உங்கள் நேரம் முடிந்தால் அடுத்த ஜோடி உள்ளே வந்துவிடும். பாதிரியாருக்கு யார் அம்மா வந்தாள் வரவில்லை என்ற கவலையெல்லாம் கிடையாது. லைலின் நேரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. க்ளெண்டா கெஞ்சினாள், திட்டினாள், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றைப் பிரித்தால் முன்பு பிரித்தது மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"முடியலடி" என்றாள் வெர்னா. முகமெல்லாம் வியர்வை. "எனக்கு அவன் வேணும். ஆனா கை விடமாட்டேங்குது. நான் என்ன செய்ய?"

க்ளெண்டா மேலே இருந்த மணப்பெண் மாரிசேலாவுக்குப் போன் போட்டாள்.

மாரிசேலாவும் சீட்டுப் போடுகிறவள்தான், வேறொரு கேசினோவில். வெர்னாவை அவள் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். இரண்டு முறையும் பேச்சு வானிலையைத் தாண்டவில்லை. லிஃப்டிலிருந்து அவள் வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கியபோது, சுற்றுலா வந்தவர்கள் வழிவிட்டுப் படம் எடுத்தார்கள். அவள் கெஞ்சவில்லை, "உங்க பையன் காத்திருக்கான்" என்றும் சொல்லவில்லை. வெர்னாவுக்குப் பின்னால் வந்து நின்று, வலது தோளில் லேசாகத் தட்டினாள்.

சீட்டு மேசையில் வழக்கம் அது. ஓய்வுக்கு விட வரும் ஆள் பின்னால் நின்று தோளில் தட்டுவாள். தட்டினால் மேசையை விட்டு விலகிவிட வேண்டும். அதற்கு முன் இரண்டு கையையும் ஒருமுறை தட்டி, விரித்துப் புரட்டி மேலே உள்ள கேமராவுக்குக் காட்ட வேண்டும், எதையும் ஒளிக்கவில்லை என்று. வெர்னா வாழ்நாளில் பாதியை இதைச் செய்தே கழித்தவள். தோளில் தட்டு விழுந்ததும் அவள் கைகள் கம்பியை விட்டன. தட்டின, விரிந்தன, புரண்டன. கால் ஒதுங்கி நகர்ந்தது.

"மேசையை நான் பாத்துக்கறேன் வெர்னா" என்றாள் மாரிசேலா. "நீங்க ஓய்வுக்குப் போங்க." சொல்லிக்கொண்டே அவளைத் தோளோடு அணைத்து லிஃப்டுக்குள் நடத்திவிட்டாள்.

வெர்னாவுக்கு விஷயம் உறைப்பதற்குள் லிஃப்ட் கதவு மூடிவிட்டது. "அடிப்பாவி!" என்று அலறினாள். ராட்டினம் நின்றிருந்த அன்று அந்தக் கோபுரத்தில் கேட்ட ஒரே அலறல் அதுதான். காது அடைத்தது. குடல் கீழேயே தங்கிவிட்டதுபோல் இருந்தது. கண்ணை இறுக மூடி மருமகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். வெர்னாவின் பவுடரும் கண்மையும் வெள்ளைக் கவுனில் அப்பிக்கொண்டன. "திட்டுங்க, திட்டுங்க. நல்லாத் திட்டறீங்க" என்று மாரிசேலா முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மேலே லைல் பேயறைந்தவன்போல் நின்றுகொண்டிருந்தான். பெண் ஓடிவிட்டாள் என்றே நினைத்துவிட்டான் பாவம். அடுத்த ஜோடி வாசலில் வந்து நிற்க, பாதிரியார் புத்தகத்தை மூடிக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் லைல் முதலில் பெண்ணைப் பார்த்தான். பிறகு அவள் தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது யாரென்று பார்த்தான்.

எத்தனை வருஷக் கோபம்! அதையெல்லாம் கொட்டலாம், இல்லை கட்டிப்பிடித்து அழலாம். அவன் இரண்டும் செய்யவில்லை. ஓடிவந்து அவள் இரண்டு முழங்கையையும் பிடித்துக்கொண்டான்.

"ஐயோ, அம்மா! நீ எப்படி இறங்குவே?"

அதை அவள் யோசிக்கவே இல்லை.

"தெரியலடா. நீ முதல்ல கல்யாணத்தைப் பண்ணு."

அவளை முன்வரிசை நாற்காலியில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார்கள். நாற்காலியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கண்ணைத் திறக்காமலே இருந்தாள். காற்றில் எங்கோ கண்ணாடி முனகியது. தரை மெல்ல அசைந்ததா, தன் உடம்புதான் அசைந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. பாதிரியார் மூச்சுவிடாமல் படித்தார். அடுத்த ஜோடியும் அவர்களோடு வந்தவர்களும் பின்னால் நின்று கேட்டார்கள். இவளை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா என்று லைலிடம் கேள்வி வந்தது. பதில் வரவில்லை. பாதிரியார் இன்னொரு முறை கேட்டார்.

பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்து வெர்னா கண்ணைத் திறந்தாள்.

லைல் பாதிரியாரைப் பார்க்கவில்லை, பெண்ணையும் பார்க்கவில்லை. அம்மா மயங்கி விழுந்துவிடுவாளோ என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மாரிசேலா அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "ஏத்துக்கறேன்" என்றான் லைல், ஒரு கண்ணை அம்மா மேலேயே வைத்துக்கொண்டு.