வீட்டுப் பெயர் இல்லாமல் வாசித்த சாவு

மிஸ் யுரேலியா மாத்துரினை வேலையை விட்டுத் துரத்தினார்கள் என்று சொன்னால், "ஏதாவது திருடிட்டாளா?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் செய்த குற்றம் ஒன்றுதான். செத்தவனின் பெயரைச் சொன்னாள்.

எங்கள் செயின்ட் லூசியாவில் அந்தக் காலத்தில் தொலைபேசி பாதிரியார் வீட்டிலும் போலீஸ் நிலையத்திலும்தான் இருக்கும். யார் செத்தாலும் மதியச் செய்திக்குப் பிறகு ரேடியோவில் சொன்னால்தான் தீவுக்குத் தெரியும். அந்த நேரத்தில் பஸ் டிரைவர் வண்டியை ஓரங்கட்டுவான். சந்தையில் பேரம் நிற்கும். வாசிப்பவள் யுரேலியா. டைப் அடிக்க வந்தவளை, அறிவிப்பாளருக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். பிறகு எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் குரலை ஒலிபரப்பியவன் நான். அவள் புருஷன் கரும்பு வெட்ட ஃப்ளோரிடா போனவன், போனவன்தான். மூன்று பிள்ளைகளுக்கும் அந்தக் குரல்தான் சோறு போட்டது.

ஞானஸ்நானப் பெயரை வாசித்துவிட்டு, "ஊரில் இவரை இன்னார் என்பார்கள்" என்று வீட்டுப் பெயரையும் சொல்வாள். அதுதான் வழக்கம். ஞானஸ்நானப் பெயர் எங்களுக்குக் கோயில் பதிவுக்கும் கல்லறைக்கும் மட்டும். மற்றபடி ஒருவன் ஷாபோ, ஒருத்தி மா-பூல். என் வீட்டுப் பெயரை இங்கே சொல்ல மாட்டேன், சிரிப்பீர்கள்.

அப்போதுதான் லண்டனில் பயிற்சி முடித்துவிட்டு வந்து இறங்கினார் புது நிர்வாகி தேவோ. எங்கள் தீவின் சூஃப்ரியேரில் பிறந்த மனுஷன்தான். ஆனால் விமானத்தை விட்டு இறங்கும்போதே மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மிஸ் மாத்துரின், இது வானொலி நிலையம், மீன் சந்தை இல்ல. கப்ரியாம், ஷாபோவாம்! லண்டன்காரன் எவனாவது கேட்டா என்ன நினைப்பான்? இனிமே முழுப் பேரு மட்டும்தான்."

"லண்டன்காரனா சார் வந்து இங்க சவப்பெட்டி தூக்கப் போறான்?"

"உங்களுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். மூன்று வயிறு இருக்கிறதே. வாயை மூடிக்கொண்டாள். அந்த ஆள்மீது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சில வாரம் கழித்து, டெனரி கிராமத்து மீனவன் கப்ரி செத்தான். கப்ரி என்றால் ஆடு. படகில் நிற்க மாட்டான், துள்ளிக்கொண்டே இருப்பான். வைத்தியத்துக்காகத் தலைநகர் காஸ்ட்ரீஸுக்கு வந்து, மகள் ஜெர்மேன் வீட்டில் கிடந்து, அங்கேயே கண்ணை மூடினான். ஜெர்மேன் ஓட்டலில் படுக்கை விரிப்பவள். கப்ரி என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். தேவோ சிவப்பு மையால் அடித்தார். யுரேலியாவிடம் வந்த தாளில் இருந்தது அன்செல்ம் வித்தாலிஸ் இப்போலித் மட்டும். தெளிவாக, அழகாக, லண்டன் உச்சரிப்பில் வாசித்தாள்.

அடக்கத்துக்கு டெனரியிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை.

ஜெர்மேன் நிலையத்து வாசலில் வந்து நின்று கத்தினாள். "கப்ரின்னு எழுதிக் குடுத்தேனே, அது எங்கடி போச்சு? குழி வெட்டினவங்க வந்து என் அப்பன் பெட்டியத் தூக்கினாங்க! எங்க ஆளுங்க ஒருத்தர் இல்ல! அநாதப் பொணமாடி அவரு?"

தேவோ மாடி ஜன்னலைச் சாத்திக்கொண்டார். யுரேலியா இறங்கிப் போனாள்.

"தப்புதான், ஜெர்மேன். எட்டாம் ராத்திரி எங்க வெக்கிற?"

செத்த எட்டாம் இரவு துக்க வீட்டில் ஊர் கூடி, ரம் குடித்து, பாடி, போனவனை வழியனுப்புவது எங்கள் முறை.

"யாரு வரப் போறாங்கன்னு வெக்கிறது?"

"நீ வை. வருவாங்க."

எட்டாம் நாள் மதியம் யுரேலியா தேவோ கொடுத்த தாளை முழுவதும் வாசித்தாள். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எங்கள் கிரெயோலில், வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"டெனரி ஜனங்களே, செத்துப்போன அன்செல்ம் இப்போலித் வேற யாரும் இல்ல, உங்க கப்ரி. அத அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்ல விடல, நானும் சொல்லல. இன்னைக்கு எட்டாம் ராத்திரி, காஸ்ட்ரீஸ்ல மக ஜெர்மேன் வீட்டுல. வாங்க."

தேவோ பாய்ந்து வந்து கதவை உடைக்கிற மாதிரி தட்டினார். "நிறுத்துடா! நிறுத்து!" குமிழ் என் கையில் இருந்தது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

சாயங்காலத்துக்குள் அவள் கணக்கு தீர்க்கப்பட்டது. என்னைத் தொடவில்லை, அந்தக் கிழட்டு மெஷினை ஓட்டத் தெரிந்தவன் வேறு யாரும் இல்லை. மைக் முன்னால் அந்த ஆளே உட்கார்ந்து சாவு வாசிக்க ஆரம்பித்தார், வெட்கம் கெட்டவர்.

இரவு நானும் அவளும் ஜெர்மேன் வீட்டுக்குப் போனோம். டெனரியே லாரி பிடித்து வந்திருந்தது. வாசலெல்லாம் ஆட்கள், பாட்டு, மேளம். யுரேலியாவைப் பார்த்ததும் கும்பல் வழிவிட்டது. ஒருவன் மட்டும் நகரவில்லை. கப்ரியோடு ஒரே படகில் கிழவனான ஷாபோ. ரம்மைத் தொடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கும் நீதான வாசிச்ச, தாயி?"

"நான்தான் ஷாபோ. கேக்கலையா நீ?"

"கேட்டேன். படகுலதான் இருந்தேன், ரேடியோ பக்கத்துலதான் இருந்துச்சு. யாரோ பாவம்னு ஒரு சிலுவ போட்டுக்கிட்டேன். அப்புறம் பாட்டு வருதான்னு முள்ளத் திருப்பிட்டேன்."