இழுக்குது என்ற சொல்

பால் தீயும் நாற்றம் எங்கிருந்து வந்தாலும் இன்றும் முதலில் வாசலுக்குப் போய்ப் பாதையைப் பார்ப்பேன். எதையும் நாள் கிழமையோடு நினைவில் வைப்பது என் வழக்கம். பங்குனி உத்திரம் கழிந்த திங்கட்கிழமை அது, பள்ளிக்கூட வேன்கள் போகும் வேளை. அடி அண்ணாமலையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து பாத்திரத்தின் அடி கருகிக்கொண்டிருந்தது. சமையலறையில் அக்கா இல்லை. வெளியே வந்து பார்த்தால், கிரிவலப் பாதையின் நட்டநடுவில் கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். முகம் மலையைப் பார்த்திருந்தது. வெறும் வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்தபடியே வந்து, கிறீச்சிட்டு, அவள் புடவையை உரசுவதுபோல நின்றது. "சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதாம்மா?" என்று டிரைவர் கத்தினான். அவள் காதில் அது விழவேயில்லை. ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். என்னை முன்பின் பார்த்திராதவள்போலப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தாள். "இழுக்குதுடா தம்பி" என்றாள்.

எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். எங்கிருந்தோ வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களை விசாரித்தால், மலை இழுத்தது, வந்தோம் என்பார்கள். அக்கா கல்யாணமாகி அடி அண்ணாமலைக்கு வந்த சில மாதங்களிலேயே இதைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். யாரும் ஏற்றாத கற்பூரத்தின் வாசனை வருமாம். வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சுக்கு ஏறுமாம். அப்புறம் அவர் பக்கத்தில் வந்து நிற்பாராம். சாமி என்றுகூடச் சொல்லமாட்டாள், 'அவர்' என்றுதான் சொல்வாள். அவர் நிற்கிற அந்தச் சிறு நேரத்தில் தனக்குச் சாவுகூட ஒரு பொருட்டாகத் தெரியாது என்பாள். தெருப் பெண்கள் அவள் கையால் திருநீறு வாங்கிப் போனார்கள். நானும் வாங்கி இட்டுக்கொண்டவன்தான்.

வீட்டில் இதற்கெல்லாம் சிரிக்கிற ஒரே ஆள் மாமா, அக்காவின் கணவர். நில அளவைத் துறையில் சர்வேயர். வேங்கிக்கால் அலுவலகத்திலிருந்து வந்ததும் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு என்னை வம்புக்கு இழுப்பார். "உங்க சாமிக்கு சர்வே நம்பர் இருக்குது, தெரியுமாடா? எல்லைக் கல்லு கூட நட்டிருக்கோம்" என்பார். உலகில் இருப்பதெல்லாம் பொருள், பொருளைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது அவர் கட்சி. பழைய நூல்களில் வருகிற பூதவாதியின் வாதத்தை அவருக்கு நான்தான் படித்துச் சொன்னேன். வெற்றிலையிலும் சிவப்பு இல்லை, பாக்கிலும் இல்லை, சுண்ணாம்பிலும் இல்லை. மூன்றும் சேர்ந்தால் சிவக்கிறது. மண், நீர், நெருப்பு முதலிய பூதங்கள் சேர்ந்த உடம்பில் உணர்வு தோன்றுவதும் அப்படித்தான் என்பது அந்த வாதம். மாமாவுக்கு அது தேனாக இனித்தது. அதன்பிறகு வாதம் முற்றும்போதெல்லாம் வெற்றிலையில் சிவந்த நாக்கை நீட்டிக் காட்டுவார்.

நானும் விடமாட்டேன். "பல்வலிய உங்க சங்கிலியால அளக்க முடியுமா மாமா? நரம்ப அறுத்துப் பாத்தா நரம்புதான் இருக்கும். வலி எங்க இருக்கும்? வலிக்கறவனுக்குத்தானே அது தெரியும்?" என்பேன். "பல்ல புடுங்குனா வலி போவுதா இல்லியா? அத சொல்லு மொதல்ல" என்பார். அக்கா உள்ளேயிருந்து, "ரெண்டு பேருக்கும் பல்ல புடுங்கி விட்டா எனக்கு சோறு மிச்சம்" என்பாள். அந்த நாட்களில் எங்களுக்கு இது ஒரு விளையாட்டு.

லாரி நின்ற அந்த வாரமே அக்காவை வேலூருக்கு அழைத்துப் போனோம். நரம்பு மருத்துவர் இளைஞர், பொறுமையாகக் கேட்டார். அது வரும்போது அக்கா என்ன சொல்வாள் என்று கேட்டார். மாமா சங்கடத்தோடு, "இழுக்குதும்பா சார்" என்றார். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இழுப்பா? எத்தன வருஷமா?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். வலிப்பு நோய்க்கு எங்கள் பக்கத்தில் இழுப்பு என்றுதான் பெயர். குழந்தைக்கு ஜுரம் ஏறிக் கைகால் வெட்டினால் இழுப்பு. அக்காவுக்கு வந்தால் மலை இழுக்கிறது. ஒரே சொல்லை ஒரே வீட்டில் இத்தனை காலம் புழங்கியும், இரண்டையும் ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. கற்பூர வாசனை, வயிற்றிலிருந்து எழுவது, யாரோ நிற்பது, வெறும் வாயை மெல்லுவது, ஒவ்வொன்றையும் நாங்கள் சொல்வதற்கு முன்பே மருத்துவர் சொன்னார். மூளையின் பக்கவாட்டில் ஒரு சிறு தழும்பு, அங்கே கிளம்பும் மின்சாரம். தினமும் மாத்திரை போட வேண்டும், ஒருநாள்கூட விடக்கூடாது, விட்டால் பெரிய வலிப்பாக வந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்றார். மாமா ஜெயித்துவிட்டார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். அது வெளிறிக் கிடந்தது.

மாத்திரை வேலை செய்தது. ஆடி பிறப்பதற்குள் கற்பூர வாசனை நின்றுபோனது. அவரும் வரவில்லை. ஒருநாள் மாடிக்கு வடகம் காயவைக்கப் போன அக்கா, மலையைப் பார்த்ததும் தட்டை அப்படியே போட்டுவிட்டு இறங்கி வந்தாள். "அங்க கல்லுதான்டா இருக்குது" என்றாள். அழவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் போய்விட்ட பிறகு உள்ளே மாட்டிக்கொண்டவள்போல இருந்தாள். அதன்பிறகு மாடிப்படியில் கால் வைக்கவில்லை. மாத்திரை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினாள்.

ரேடியோ கெட்டுவிட்டால் பாட்டு இல்லையென்று ஆகிவிடுமா என்று நான் அவளைத் தேற்றிப் பார்த்தேன். சொல்லும்போதே அது பொருந்தவில்லை என்று தெரிந்தது. இங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை. கெட்டிருந்ததைச் சரிசெய்த பிறகல்லவா பாட்டு நின்றது? அன்று மாலை மாமா என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னது, நான் படித்த எந்தப் புத்தகத்தையும்விட அதிகமாக என்னை நடுங்கவைத்தது. "சாமி போனா போவுதுடா. ஒரு மாத்திரையில அது போச்சுன்னா, எம்மேல அவ வச்சிருக்கறது? உம்மேல வச்சிருக்கறது? அதுவும் அந்த மண்டைக்குள்ளதான இருக்குது? நாளைக்கு டோஸ ஜாஸ்தி பண்ணி, யாருய்யா நீன்னு கேட்டான்னா?" இத்தனை வருடம் வாயால் சொல்லிவந்ததை அவர் அன்றுதான் நம்பினார் என்று எனக்குத் தோன்றியது.

கடைசியில் அக்கா ஒரு நிபந்தனை வைத்தாள். "எனக்குத் தெரியல. நீங்க பாத்து சொல்லுங்க. அவரு இருக்காருன்னா போட்டுக்கறேன்." அன்றிலிருந்து, சாமிக்கு எல்லைக்கல் நட்ட மனிதர் காலையில் மாடியேறி மலையைப் பார்க்க வேண்டியதாயிற்று. கீழே அக்கா மாத்திரையும் சொம்புமாக நிற்பாள். "இருக்காராங்க?" "இருக்காரும்மா." ஒருமுறை அவரிடம், "அங்க இன்னா மாமா தெரியுது?" என்று கேலியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணும் தெரியல. ஆனா தெனம் சொல்லிச் சொல்லி, இப்ப எறங்கும்போது மலைக்கு முதுகு காட்ட பயமா இருக்குதுடா" என்றார்.

போன ஐப்பசியில் மாமா மாரடைப்பில் போய்விட்டார். காரியம் வரைக்கும் உறவுப் பெண்கள்தான் அக்காவை மாத்திரை விழுங்கவைத்தார்கள். காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய மறுநாள் காலை, நான் மாடியில் இரவு மழையில் நனைந்துபோன வேட்டியை எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே படியடியில் அக்காவின் குரல் கேட்டது. "தம்பி, இருக்காரா பாரு."

ஆயுள் முழுக்க அவர் இருக்கிறார் என்று வாதாடியவன் நான். எனக்குச் சுலபமாக வந்திருக்க வேண்டிய பதில். திரும்பிப் பார்த்தேன். மழையில் நனைந்த பாறை, அதில் வழியும் நீர், மேலே கொஞ்சம் மேகம். எவ்வளவு முயன்றும் அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. இல்லை என்றால் அவள் மாத்திரையைக் கீழே வைத்துவிடுவாள். இருக்கிறார் என்றால், அதை எங்கிருந்து எடுத்துச் சொல்வது? சிறுவயதிலிருந்து எனக்குள் இருந்ததும் ஒரு தழும்புதானோ? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இருக்காருக்கா" என்றேன்.

"உங்க மாமாவும் இப்டித்தான். பொய் சொல்லணும்னா மொதல்ல தொண்டைய கனைச்சுக்குவாரு" என்றாள். கையிலிருந்த வேட்டியை மறுபடி கொடியிலேயே போட்டேன். பிறகு, மடக் மடக்கென்று அவள் தண்ணீர் குடிக்கும் ஓசை கேட்டது. சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, "நாளைக்கும் பாத்து சொல்லு" என்று உள்ளே போனாள்.

இப்போது அக்காவோடுதான் இருக்கிறேன். தினமும் காலையில் பதில் சொல்லிவிட்டுப் படியிறங்கும்போது, மலைக்கு முதுகு காட்ட முடியாமல் என் கை சுவரைத் தேடுகிறது.